நடுநாட்டு இல்லங்களும் கானேஷுமாரிக் கணக்கும்

சோழநாட்டிற்கும் தொண்டைநாட்டிற்கும் இடையே அமைந்தமையால் நடுநாடு எனப் பெயர் பெற்ற திருநாடு, நாயன்மார்களின் பிறப்பாலும் ஆழ்வார்களின் வரவாலும் புனிதமடைந்த பூமியாகும். அதன் மேற்கே அரண்போல் ஓங்கி நிற்பது கல்வராயன் மலை. அம்மலையினின்று இழியும் கோமுகி நதியும் மணிமுத்தா நதியும் கள்ளக்குறிச்சிப் பகுதியின் கழனிகளை வளமாக்கிக் கிழக்கு நோக்கிச் செல்கின்றன. இம்மண்ணில் வாழ்ந்த இல்லங்களை எண்ணிக் கணக்கெழுதிய வரலாறு, அரசாங்கத்தின் ஏடுகளோடு மட்டும் நின்றுவிடுவதன்று; ஆலயத்தோடும் அடியார் வரலாற்றோடும் நெருங்கிய உறவுடையது.

ஊரார் கூடித் திருக்குடமுழுக்கு நடத்தத் துணியும்பொழுது முதலில் எழும் கேள்வி, ‘ஊரில் எத்தனை தலைக்கட்டு?’ என்பதே. தலைக்கட்டு என்பது ஓர் இல்லம்; ஒரு குடும்பத் தலைவனின் பெயரால் கோயில் வரி கட்டும் அலகு. மகனுக்கு மணமாகித் தனிக்குடித்தனம் அமைந்ததும் அவன் புதிய தலைக்கட்டாகிறான். அன்று முதல் திருவிழா வரியில் அவனுக்குப் பங்குண்டு, பிரசாதத்திலும் முறையுண்டு. ஒருவன் தனி இல்லத்தான் ஆகிவிட்டான் என்பதை ஊர் ஏற்றுக்கொள்ளும் இடம் கோயில் கணக்கேயாகும். வரி கொடுப்பதைச் சுமையாகக் கருதாமல், கணக்கில் பெயர் விடுபட்டால் மானக்குறைவாகக் கருதும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்றும் உண்டு.

மகாராணியார் காலத்துக் குடிமதிப்பு

அரசாங்கம் குடிகளை எண்ணிய முறை வேறு. விக்டோரியா மகாராணியார் அரசாண்ட காலம் 1837 முதல் 1901 வரை. சென்னை மாகாணத்தில் 1851-52ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை ரெவினியூ உத்தியோகஸ்தர்கள் வாயிலாக ஜனத்தொகை மதிப்பிடப்பட்டு வந்தது. ஆயினும் ஒழுங்கான முதற்பெருங் கணக்கு 1871ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் எடுக்கப்பட்டதேயாகும். அதன் அறிக்கையை வரைந்தவர் டாக்டர் கார்னிஷ் என்னும் வைத்திய அதிகாரி. அடுத்து 1881ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இரவு, இந்தியா முழுவதும் ஒரே வேளையில் கணக்கெடுக்கும் முயற்சி நடந்தது. மூன்றாவது கணக்கு 1891ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் எடுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் நான்காம் கணக்கு எடுக்கப்படுவதற்கு முன்னரே, அவ்வாண்டு ஜனவரி 22ஆம் நாள் மகாராணியார் மறைந்துவிட்டார். ஆகவே அவர் காலத்தில் நம் பகுதி கண்ட பெருங்கணக்குகள் மூன்று.

இக்கணக்கைக் கிராமத்தார் ‘கானேஷுமாரி’ என்றனர். பாரசீக மொழியில் ‘கானா’ என்பது வீடு. ‘ஷுமாரி’ என்பது எண்ணுதல். எனவே கானேஷுமாரி என்னும் சொல்லுக்கே வீடெண்ணுதல் என்பது பொருள். தனிமனிதரை எண்ணுவதற்குமுன் அவர் வாழும் இல்லத்தை எண்ணவேண்டும் என்னும் கருத்து அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.

1881ஆம் ஆண்டுக் கணக்கிற்கு முன்பே வீடுதோறும் எண் இடப்பட்டது. கர்ணம், பள்ளி உபாத்தியாயர் போன்ற எழுத்தறிந்தோர் வீடு வீடாகச் சென்று முன்கூட்டியே விவரங்களை எழுதிக்கொண்டனர். குறித்த இரவில் மீண்டும் சென்று, இடையில் பிறந்தவரைச் சேர்த்தும் இறந்தவரை நீக்கியும், வந்த விருந்தினரை எழுதியும் வெளியூர் சென்றவரை அடித்தும் கணக்கை நேர்செய்தனர். இரவில் தெருத்தெருவாய்ச் செல்லவேண்டியிருந்தமையால் நிலவொளியுள்ள நாள் வேண்டியிருந்தது. 1881லும் 1891லும் மாசித் திங்களின் முழுநிலவு கழிந்த மூன்றாம் நாளே கணக்கு நாளாய் அமைந்தது. அந்நிலவில், ஏட்டுக்கட்டும் விளக்கும் ஏந்தி வந்தவரைக் கண்ட குடியானவர் உள்ளத்தில், புதிய வரி ஏதோ வரப்போகிறது என்ற அச்சம் எழுந்தது இயல்பே.

தாளில் இல்லம் எழுதப்பட்ட வகை

கள்ளக்குறிச்சி அந்நாளில் தென்னார்க்காடு ஜில்லாவின் மேற்குத் தாலுக்கா. அத்தாலுக்காவின் ஓர் ஊரில் ஒரு குடியானவர் இல்லத்தை மனத்தில் கொண்டால், அது அரசாங்கத் தாளில் எவ்வாறு உருவெடுத்தது என்பது விளங்கும்.

1871ஆம் ஆண்டுக் கணக்கு வீடுகளை மெத்தை வீடு, ஓட்டு வீடு, கூரை வீடு என மூவகையாகப் பகுத்தது. சிற்றூர்களில் மிகப் பெரும்பாலானவை கூரை வீடுகளே. மண்சுவர், பனையோலை அல்லது புல் வேய்ந்த கூரை, முன்னே திண்ணை, பின்னே மாட்டுக் கொட்டில் என்பதே குடியானவர் இல்லத்தின் பொது அமைப்பு. 1881ஆம் ஆண்டுத் தாளிலோ ஒவ்வொருவருக்கும் பெயர், மணநிலை, ஆணா பெண்ணா என்பது, வயது, மதம், ஜாதி, தாய்மொழி, பிறந்த இடம், தொழில், எழுத்தறிவு, உடற்குறை என்னும் விவரங்கள் கேட்கப்பட்டன. உடற்குறை என்னும் பத்தியில் பார்வையின்மை, செவிட்டூமை, சித்தப்பிரமை, குஷ்டம் ஆகியவை குறிக்கப்பட்டன.

வீடு எது என்பதிலேயே முதற்சிக்கல் எழுந்தது. பொது வழியிலிருந்து தனி வாசல் உடையது ஒரு வீடு என்பர் ஒரு சாரார். ஓர் அடுப்பில் சமைத்து உண்போர் கூட்டமே ஒரு வீடு என்பர் மற்றொரு சாரார். தமிழ்க் குடும்பத்திலோ ஒரே வாசலுக்குள் அண்ணன் தம்பியர் இருவர் அடுப்பு வேறாகி வாழ்வதும் உண்டு. இரு வாசல் வைத்தும் ஒரே உலையில் உண்பதும் உண்டு. வாசலை எண்ணினால் ஒரு தொகை வரும். அடுப்பை எண்ணினால் வேறு தொகை வரும். தலைக்கட்டை எண்ணினால் வருவது மூன்றாவது தொகை.

அடுத்த சிக்கல் வயது. பிறந்த நாளைக் குறித்து வைக்கும் வழக்கம் ஜாதகம் எழுதுவோர் இல்லங்களிலன்றிப் பிற இல்லங்களில் அரிது. ஆகவே இருபத்தைந்து, முப்பது, நாற்பது என முழு எண்களே தாள்களில் மிகுந்தன. பெருவெள்ளத்து ஆண்டில் பிறந்தவள், பஞ்சத்தில் பால்குடி மறந்தவன் என ஊர் நிகழ்ச்சிகளைக் கொண்டே முதியோர் வயதைக் கணித்துக் கூறினர்.

மூன்றாவது சிக்கல் பெயர். கணவன் பெயரை மனைவி வாய்விட்டுச் சொல்வதில்லை என்பது அந்நாளைய மரபு. வீட்டுப் பெண்களின் பெயரை அந்நியரிடம் சொல்ல ஆடவரும் தயங்கினர். அவ்வாறு தயங்கும் இடங்களில் பெயர் கேட்டு வற்புறுத்தாமல், ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ள விதியில் இடமளிக்கப்பட்டிருந்தது. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, உலை வைத்து, வயலில் நாற்று நட்டு, இரவில் அனைவரும் உண்டபின் உண்டு உறங்கிய தாயொருத்தி, பெயரில்லாத ஒரு சொல்லாகத் தாளில் இடம்பெற இது வழிவகுத்தது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. யார் யாருக்கு என்ன உறவு என்பதைக் குறிக்க அத்தாளில் தனிப் பத்தி இல்லை. கைம்பெண்ணாகித் தாய்வீடு திரும்பிய அத்தை, தாயற்ற மருமகன், பாட்டியின் மடியில் வளரும் பேரன் ஆகிய அனைவரும் வரிசை எண்களாயினர். உறவைச் சொல்லாமல் ஒருவரை அறிமுகம் செய்யவே அறியாத மொழி தமிழ். அத்தமிழ்க் குடும்பம், உறவு நீங்கிய பட்டியலாக மாறியது.

மலைமேல் இல்லங்கள்

சமவெளியின் நிலை இது. கல்வராயன் மலைமீது கணக்கெடுப்பது இதனினும் கடினமாயிருந்தது. தென்னார்க்காட்டைச் சார்ந்த மலைப்பகுதி சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய மூன்று ஜாகீர்களாகப் பிரிந்திருந்தது. மேற்குப் பகுதி சேலம் ஜில்லாவைச் சார்ந்தது. சமவெளியின் ரயத்துவாரி ஏற்பாடு மலைமேல் ஏறவில்லை. குடிகள் ஜாகீர்தார்களுக்கே கடமைப்பட்டிருந்தனர். காடும் மேடும் நிறைந்த இத்தகைய இடங்களில் ஒரே இரவில் எல்லாக் குடிசைகளையும் சென்று பார்ப்பது இயலாது. ஆகையால், பகற்பொழுதில் எழுதிய கணக்கையே முடிவாகக் கொள்வது மலைப்பகுதிகளில் கையாளப்பட்ட வழக்கம்.

இம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப் பெயர் பெற்றனர். மலையை ஆள்பவர் என்பது இச்சொல்லின் பொருள். சேரநாட்டு மலையாள மொழியினருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. ஜாதிப் பெயரை மட்டும் பார்த்து மயங்கும் வெளியூரார்க்கு, தாய்மொழிப் பத்தியில் உள்ள ‘தமிழ்’ என்னும் சொல்லே தெளிவு தரும்.

இவர்கள் காஞ்சி மாநகரிலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு. காஞ்சியில் கோயில் கொண்டிருந்த கரியராமப் பெருமான் மலைநாட்டிற்கு எழுந்தருளத் திருவுளங் கொண்டாராம். பெருமானைப் பிரிந்து வாழ மனமில்லாத பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர், தத்தம் குடும்பத்தோடு அவரைப் பின்தொடர்ந்து மலையேறினராம். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் ஆகிய மலைகளில் வாழும் மலையாளிகள் தம்மை ஒரே மரபினராகக் கருதுவதற்கு இவ்வரலாறே காரணம். நிலம் தேடியோ பொருள் தேடியோ வந்தவர்கள் என்று அவர்கள் தம்மைச் சொல்லிக்கொள்வதில்லை. தெய்வத்தின் பின்னே குடும்பமாக வந்தவர்கள் என்றே சொல்லிக்கொள்கின்றனர். பிறந்த இடம் எது என்ற பத்தியில் மலையூரின் பெயரை எழுதிய கணக்கர்க்கு, காஞ்சியிலிருந்து நடந்து வந்த அந்தத் தொன்மைப் பயணத்தை எழுதப் பத்தி ஏது?

தாது வருஷத்துப் பஞ்சம்

ஆயினும் எண்களைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிடலாகாது. எண் இல்லையேல் இந்நாட்டின் பெருந்துயரம் ஒன்றின் அளவே உலகிற்குத் தெரியாமற் போயிருக்கும்.

1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தது. தாது, ஈசுவர ஆண்டுகளில் பரவி 1878 வரை நீடித்த கொடும் பஞ்சத்தை மக்கள் தாது வருஷத்துப் பஞ்சம் என்றே நினைவிற் கொண்டனர். அப்பஞ்சத்தின் அளவை 1871, 1881 ஆகிய இரு கணக்குகளையும் ஒப்பிட்டே அறியமுடிகிறது. கல்வராயன் மலைக்கு மேற்கே உள்ள சேலம் ஜில்லாவில் 1871ல் 19,66,995 மக்கள் இருந்தனர். 1881ல் 15,99,595 பேரே இருந்தனர். குறைந்தவர் 3,67,400 பேர். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவான மக்கள், இறந்தும் இடம்பெயர்ந்தும் பிறப்புக் குன்றியும் கணக்கிலிருந்து மறைந்தனர். மலைக்குக் கிழக்கே உள்ள தென்னார்க்காட்டில் 1871ல் 17,55,817 பேர். 1881ல் 18,14,738 பேர். கூடியவர் 58,921 பேரே. இரண்டாம் கணக்கு முதற்கணக்கினும் செம்மையாக எடுக்கப்பட்டது என்பதை எண்ணினால், இச்சிறு உயர்வையும் முழு வளர்ச்சியாகக் கொள்ள இயலாது. ஒரே மலையின் இருபுறத்தும் விதி இவ்வாறு வேறுபட்டு நின்றது.

இவ்விடத்தில் டாக்டர் கார்னிஷின் செயல் நினைவுகூரத்தக்கது. 1877ஆம் ஆண்டு, பஞ்ச நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் எனச் சர் ரிச்சர்டு டெம்பிள் என்னும் பேரதிகாரி கூலியைக் குறைத்தார். உழைக்கும் உடல் அவ்வளவு உணவில் உயிர் வாழாது என்று கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். 1871ல் வீடு வீடாக எழுதப்பட்ட தாள்களைத் தொகுத்து மக்கள் எண்ணிக்கையை அறிக்கையாக்கியவரே, ஆறாண்டுகள் கழித்து அம்மக்களின் ஒருபிடி சோற்றுக்காக வழக்காடினார். குடிகளை எண்ணுவது வரி வாங்குவதற்கு மட்டுமன்று, அவர்கள் குறையும்பொழுது ஏன் குறைந்தனர் எனக் கேட்பதற்குமாம் என்பதை அவர் செயல் காட்டுகிறது.

மறைந்த தாள்களும் மறையாத தொகையும்

இங்கிலாந்தில் விக்டோரியா காலத்துக் குடிமதிப்புத் தாள்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1841 முதல் எழுதப்பட்ட அவற்றில் ஒரு குடும்பத்தின் பெயர்களை இன்றும் படிக்கலாம். நம் நாட்டில் அவ்வாறில்லை. தொகை கூட்டி முடிந்தபின் வீட்டுத் தாள்கள் காக்கப்படவில்லை. கள்ளக்குறிச்சித் தாலுக்காவின் கூரை வீட்டில் 1881 மாசி நிலவில் எழுதப்பட்ட பெயர்கள், கூட்டுத்தொகையில் கரைந்து போயின. அக்குடும்பத்தில் இன்னார் இருந்தனர் என்று காட்டும் ஏடு அரசாங்கத்திடம் இல்லை.

இந்நிலையில், இதே மண்ணில் பிறந்த மற்றொரு தொகையை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. அங்குச் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் திருமகனாக அவதரித்தவர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். திருவாரூரில் அவர் அருளிச்செய்த திருப்பதிகத்திற்குத் திருத்தொண்டத்தொகை என்பது பெயர். ‘ஜனத்தொகை’ என்பதிலும் ‘திருத்தொண்டத்தொகை’ என்பதிலும் உள்ள தொகை ஒன்றே, பயனோ வேறு. சுந்தரர் அடியார்களைத் தனித்தனியே பெயர் சுட்டிப் போற்றினார். பெயர் சுட்ட இயலாதவர்களையும் விட்டுவிடாமல் ஒன்பது தொகையடியாராக வகுத்து வணங்கினார். பதிகத்தின் நிறைவில் தம் தந்தையையும் தாயையும் பெயரிட்டுக் கூறித் தம்மை அவர்தம் மகனாக அறிமுகம் செய்துகொண்டார். இதனால் தந்தை, தாய், மகன் ஆகிய ஓரில்லத்தார் மூவரும் அறுபத்துமூவருள் இடம்பெற்றனர். இசைஞானியார் வெறும் ‘பெண்’ என்று எழுதப்படவில்லை. பெயரோடும் உறவோடும் எழுதப்பட்டார். சேக்கிழார் பெருமான் பெரியபுராணமாக விரித்தருளுவதற்கு அப்பதிகமே முதலாய் நின்றது.

குழந்தையாய்த் தெருவில் விளையாடிய சுந்தரரைக் கண்டு விரும்பி, தம் அரண்மனைக்கு அழைத்துச்சென்று அரசிளங்குமரனைப்போல் வளர்த்தவர் நரசிங்க முனையரையர். அவரும் அறுபத்துமூவருள் ஒருவரே. அரசாங்கக் கணக்கோ இரவில் யார் எங்குத் தங்கினாரோ அங்கேயே எழுதும். அதன்படி சுந்தரர் முனையரையர் இல்லத்தில் எழுதப்பட்டிருப்பார். சடையனார் இல்லத்தில் ஓர் உயிர் குறைந்திருக்கும். அடியார் தொகையிலோ இரண்டு இல்லங்களும் அவரால் நிறைவு பெற்றன.

திருக்கோவலூர் இடைகழியில் நிகழ்ந்த அற்புதமும் இதனையே உணர்த்தும். மழையிரவில் ஒருவர் படுக்கும் அளவேயான சிற்றிடத்தில் பொய்கையாழ்வார் தங்கினார். பூதத்தாழ்வார் வந்ததும் இருவரும் அமர்ந்தனர். பேயாழ்வார் வந்ததும் மூவரும் நின்றனர். எண்ணுவோர்க்கு அங்கே மூவரே. ஆனால் நான்காமவர் ஒருவர் நெருக்குவதை மூவரும் உணர்ந்தனர். அவரே உலகளந்த பெருமான். இல்லத்தை எண்ணும் எக்கணக்கும் அந்த நான்காமவரை எழுதியதில்லை. அவரை உணர்ந்த இல்லமே கோயிலாகிறது.

நிறைவு

விக்டோரியா காலக் கணக்கர்கள் கண்ட எல்லைகள் பின்னர்ப் பலமுறை மாறின. 1976ஆம் ஆண்டு கல்வராயன் மலையின் ஜாகீர் முறை ஒழிந்தது. 1993ல் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாய்ச் செயற்படத் தொடங்கியது. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி, இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படும் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படுகின்றன. தனி இல்லத்தின் வரலாற்றை நாடுவோர்க்கு அரசாங்கத் தொகை உதவாது. அவ்வரலாற்றை அவ்வவ் இல்லத்தாரே காக்கவேண்டும்.

அதற்கு நம் முன்னோர் வகுத்த இடம் ஆலயம். தலைக்கட்டு ஏட்டில் பாட்டனார் பெயர் இருக்கும். சந்நிதியில் அர்ச்சனை செய்யும்பொழுது பெயர், நட்சத்திரம், குலம் கூறப்படும். திண்ணையில் முதியோர் சொல்லும் உறவுமுறை கணக்குத்தாளில் இல்லாத பத்தியை நிரப்பும். ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுத்தாற்றிலே, திருமுதுகுன்றத்தில் சுந்தரர் பொன்னை இட்டு, திருவாரூர்க் கமலாலயத்தில் அதனை எடுத்தார். இடுமுன் மச்சம் வெட்டி வைத்துக்கொண்டமையால், எடுத்த பொன்னின் மாற்றை ஒப்பிட்டறிய முடிந்தது. ஒவ்வோர் இல்லமும் தன் மூத்தோரின் பெயர்களை, குறிப்பாகத் தாய்மார்களின் பெயர்களை, அத்தகைய மச்சமாக எழுதி வைத்தல் வேண்டும். காலவெள்ளம் கொண்டுசென்றதைப் பின்வரும் தலைமுறை அடையாளம் கண்டு மீட்பதற்கு அதுவே துணை.

பத்தாண்டுக்கு ஒருமுறை குடிமதிப்பு எடுத்தல் அரசின் முறை. பன்னீராண்டுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்தல் ஆலயத்தின் முறை. அரசின் கணக்கு எத்தனை பேர் என்று கேட்கிறது. ஆலயத்தின் கணக்கு யார் யார் என்று கேட்கிறது. இரு கணக்கிலும் விடுபடாமல், மலைமேல் உள்ள இல்லங்களும் சமவெளி இல்லங்களும் மக்களோடும் சுற்றத்தோடும் பெருகி, பசியும் பிணியும் நீங்கி, அடியார் தொகையுள் ஒன்றாக வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக.